டஜனுக்குள் பதின்மூன்று

டஜன் என்ற சொல்லை இந்த ஊரில் யாரும் ஆங்கிலமாக நினைப்பதில்லை. வளையல் டஜன், வாழைப்பழம் டஜன், பனியன் டஜன். லத்தீனில் இரண்டும் பத்தும் ஒட்டிப் பிறந்து, பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து, ஆங்கிலேயரோடு கப்பலேறி வந்த சொல். அதை நாங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலிலேயே திருப்பி அனுப்புகிறோம். பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசரான நான் மூச்சு விடுவதும் பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான்.

அன்று மதியம் அந்த மூச்சு முட்டியது. வாசலில் லாரி. கடைசிப் பெட்டிக்கு நாற்பது பனியன் குறைந்தது.

"வெளிய போனது யாருங்க?" என்றார் மேனேஜர்.

போனது ஒருத்திதான். மடிப்பு மேசையில் நிற்கும் ராமநாதபுரத்துக்காரி. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவிட்டு வந்திருந்தாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். "பையைத் தொற" என்றேன் அவளிடம். சாப்பாட்டுத் தூக்குப்போசி, குடை, மருந்துப் புட்டி. நாற்பது பனியன் அந்தப் பைக்குள் அடங்காது. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

"தெனமும் ஒண்ணு ரெண்டாக் கொண்டு போயிருப்பா. நாளையிலிருந்து வர வேண்டாமுன்னு சொல்லிருங்க" என்றார் மேனேஜர்.

அவள் அழவில்லை. அதுதான் என்னை நிற்க விடாமல் அலைக்கழித்தது. கட்டுப் போடும் மேசைப் பக்கம் போனேன். குண்டடம் கிராமத்திலிருந்து வந்து அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த அக்கா பனியன்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"லாபம்... ஒண்ணு... ரெண்டு..."

பன்னிரண்டு என்றதும் முடிச்சுப் போட்டாள்.

"ஏனுங்கக்கா, மொதல்ல வச்சது?"

"அது லாபமுங்க. களத்துல கடலை அளக்கையில மொதப் படி லாபமுங்களே, அதைய எண்ண மாட்டமுங்க."

"காலையிலிருந்து எத்தனை கட்டு போட்டீங்க?"

"நாப்பது இருக்குமுங்க. ஏனுங், குத்தமுங்களா?"

ஒட்டிய பெட்டியைப் பிரிக்கக் கூடாதென்று மேனேஜர் கத்தினார். லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். நான் டேப்பைக் கிழித்தேன். ஒரு கட்டில் பதின்மூன்று. அடுத்ததிலும் பதின்மூன்று. எடை குறைந்தால் தண்டனை என்று பயந்த ஆங்கிலேய ரொட்டிக்காரர்கள் டஜனுக்குப் பதின்மூன்று கொடுத்ததாகச் சொல்வார்கள். இந்த அக்காவுக்குப் பயமே இல்லை. மனசு நிறைய வைத்திருக்கிறாள். அந்த நிறைவில் இன்னொருத்தி திருடியாகி நின்றாள்.

"சரி சரி, அவளை வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்று மேனேஜர் லாரியை நோக்கி நடந்தார்.

போய்ச் சொன்னேன். ராமநாதபுரத்துக்காரி நகரவில்லை.

"வேலையப் பாருன்னு சொல்லுறீகண்ணே. நான் எடுக்கலைன்னு நீங்க சொல்லலையே?"

"அதான் தெரிஞ்சு போச்சேம்மா."

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. பையைத் தொறக்கச் சொன்னப்ப எல்லாரும் பாத்தாகளே, அவுகளுக்கு?"

தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெயின் சுவிட்சை அணைத்தேன். அத்தனை தலைகளும் நிமிர்ந்தன.

"இந்தப் பொண்ணு எடுக்கலைங்க" என்றேன். என் குரல் அந்தக் கூடத்தின் பாதி வரைக்கும்தான் போனது.

"பின்னாடி கேக்கல" என்றாள் அவள்.

மறுபடியும் சொன்னேன்.