ஓட்டாத கடைசி ரீல்

இடைவேளை விட்டுச் சற்று நேரத்தில், படப்பெட்டியோடு வந்த விநியோகஸ்தரின் ரெப் மூச்சு வாங்க ஆபரேட்டர் கேபினுக்குள் நுழைந்தார். டீ குடித்துவிட்டு வரும்போதுதான் ஹாலை எட்டிப் பார்த்தாராம்.

"இன்னா நைனா, ஹால்ல ஒரே தாய்க்குலமா கீது? பொண்ணுங்களை வேற இட்டாந்துகீறாங்க. கடைசி ரீல்ல இன்னா வருதுன்னு தெரியுமா உனுக்கு?"

எனக்குத் தெரியாது. எழுபதுகளில் மயிலாப்பூரில் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டர். ஆங்கிலப் படப்பெட்டி காலையில் ரயிலில் வந்து இறங்கி நேராக மெஷினில் ஏறும். முன்கூட்டிப் போட்டுப் பார்க்க நேரம் ஏது? எங்கள் மேனேஜர் ஸ்டில் போட்டோவைப் பார்த்தே கதையை முடிவு செய்துவிடுவார். இந்தப் படத்தின் ஸ்டில்லில் ஸ்கூல் யூனிபாரம் போட்ட இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனுஷன் உருகிப்போய், "பாசமிகு தோழியர்! தாய்மார்களே, மகள்களுடன் வாருங்கள்!" என்று நோட்டீஸ் அடித்து, சனிக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் ஒரு தனிக்காட்சி வைத்துவிட்டார். ரத்தம் காட்டாத படம் என்பதால் சென்சாரிலும் 'யு' கொடுத்திருந்தார்கள்.

ரெப் கதையைச் சொன்னார். ஏதோ குளிர் நாட்டில் நிஜமாகவே நடந்ததாம். அந்தப் பெண்கள் ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்கமாட்டார்கள். ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி தலைமுடி. ஒருத்தியின் அம்மா பயந்துபோய் மகளை வெளியூருக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறாள். பிரிவதற்கு முன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் மலைக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே அவர்கள் அவளைக் கீழே தள்ளிவிடுகிறார்கள்.

ஓடிப்போய் கேபின் ஓட்டை வழியாக ஹாலைப் பார்த்தேன். காரணம், கல்யாணி மாமி. மந்தைவெளியில் அவர் வீட்டுப் பின்கட்டில்தான் நான் குடியிருந்தேன். அவர் மகள் வத்சலாவும் பட்டினப்பாக்கத்து மேரியும் ஒரே வகுப்பு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தியும் ஸ்கூலுக்கு மட்டம். இது நல்லதற்கில்லை என்று மாமி மகளுக்குத் திருச்சியில் ஹாஸ்டல் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை ரயில். கடைசியாக ஒரு படம் சேர்ந்து பார்க்கட்டும் என்று இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வந்து, நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சொல்லியனுப்பியதும் மேனேஜர் வந்தார். கதையைக் கேட்டார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இதைப் பார்த்தா ஜனங்க கல்லெறிவாங்க, தியேட்டர்ல கண்ணாடி ஒண்ணு மிஞ்சாதுய்யா. கடைசி ரீலை ஓட்டாதே."

அப்படி நிறுத்தினால் படம் மொட்டையாக நிற்குமே என்றேன். ரெப்தான் வழி சொன்னார். கடைசிக்கு முந்தின ரீல் முடிகிற இடத்தில், அந்த அம்மா இரண்டு பெண்களின் கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தபடி மலைப்பாதையில் ஏறுவாள். அதோடு விட்டுவிட்டால் சுபம்தான்.

அப்போதெல்லாம் படம் முடிந்ததும் தேசிய கீதம் போடுவோம். இரண்டாவது மெஷினில் கடைசி ரீலுக்குப் பதிலாக அதை ஏற்றி வைத்தேன். மூன்று பேரும் மலையேறினார்கள். நான் மெஷினை மாற்றினேன். திரையில் கொடி பறந்தது, ஹால் முழுக்க எழுந்து நின்றது. அதற்கப்புறம் யார் வந்து கதை கேட்பார்கள்? தாய்மார்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்தார்கள். மேனேஜர் வாசலில் நின்று கும்பிட்டு வழியனுப்பினார், படத்தை எடுத்ததே அவர்தான் என்பதுபோல.

அன்று சாயங்காலம் மாமி என்னைக் கூப்பிட்டார். திருச்சிக்கு அனுப்பவில்லையாம், டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டாராம். படத்தில் அந்த அம்மா மனசு மாறி இரண்டையும் கூட்டிக்கொண்டு போனது அவரை என்னவோ செய்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சிநேகத்தையே காப்பாற்றிவிட்ட நினைப்பில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சி. கேபின் ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், மாமி மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறார். நல்ல படம் என்று தன் ஓரகத்தியையும் கூட்டி வந்திருக்கிறார். இது பொதுக்காட்சி, இதில் முழுப்படமும் ஓடும்; கிளைமாக்ஸுக்கென்றே காலேஜ் பையன்கள் வந்து குவிந்திருந்தார்கள். இருந்தாலும் தேசிய கீதத்தை எடுத்து ஏற்றிவிடலாமா என்று கை பரபரத்தது. எத்தனை நாளைக்கு மறைப்பது? கடைசி ரீலை ஓட்டினேன்.

படம் விட்டதும் ஓரகத்தியை ரிக்ஷாவில் அனுப்பிவிட்டு மாமி மட்டும் கேபின் படியடியில் நின்றிருந்தார்.

"இது அன்னிக்கு வரலையே, நாகராஜா."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திருச்சி டிக்கெட்டை நாளையே திரும்ப வாங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். இரவுக் காட்சிக்கு இன்னும் நேரம் இருந்ததால் அவரோடு தெப்பக்குளம் தாண்டும்வரை நடந்தேன்.

"சனிக்கிழமையே இதைப் பார்த்திருந்தா மறுநாளே அவளை ரயிலேத்தி விட்டிருப்பேன்," என்றார். "அதுக்கப்பறம் ரெண்டும் ஆத்துல சிரிச்சுண்டு வளைய வர்றதைப் பார்த்துட்டேன். காய் நறுக்கித் தர்றதுகள், எனக்குக் கால் பிடிச்சு விடறதுகள். இனிமே எப்படிடா பயப்படறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பரங்கிமலைக்குக் கிளம்பினார். மேரிக்கு அங்கே மாதா கோயிலில் ஒரு வேண்டுதல். எனக்கு இருப்புக்கொள்ளாமல் பின்னாலேயே போனேன். உச்சியில் சுவரோரமாக மாமி நின்று, கீழே விமானம் இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். நான் தூணுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இன்று கேபினில் பட்டனைத் தட்டிப் படம் ஓட்டுகிற தம்பிகள், நான் ரீலை நிறுத்தியது சரியா என்று கேட்பதுண்டு. அன்றைக்குச் சரிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை நிறுத்தாமல் ஓட்டினேனே, அதுதான் அதைவிடச் சரி. ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆபரேட்டரைவிடத் தைரியம் அதிகம் என்று அந்த மலையில்தான் தெரிந்துகொண்டேன்.