கொட்டாஞ்சேனை வழியாக டெக்சாஸுக்கு

அமெரிக்கா போய் வந்து கட்டுரை எழுதியவர்கள் எத்தனையோ பேர். விசா எடுக்காமல், காலில் றப்பர் செருப்போடு, கொட்டாஞ்சேனை வழியாகப் போய் வந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி. வெள்ளவத்தை ஸ்டேஷனில் கடற்காற்று என் தலையில் மிச்சம் இருந்த முடியையும் பிய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிரஞ்சன். தெஹிவளையில் பல் வைத்தியன். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தொண்டை இதமாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து நான் சுடுதண்ணீராகக் குடித்துத் தள்ளியிருந்தேன். அதன் பலன், ரயில் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போதே எனக்குப் பாட்டை விட அவசரமான வேறு சங்கதி வந்துவிட்டது.

"நீ பாடப் போறியா, பாத்ரூம் போகப் போறியா?" என்றான் நிரஞ்சன்.

"ரெண்டுக்கும் சனம் ஒரே மாதிரித்தான் கதவைச் சாத்தும். வா பேசாமல்."

போகிற இடம் எங்கள் இன்னொரு வகுப்புத் தோழன் அன்டனின் வீடு. அவனுடைய மனைவி ஷீலா காலமாகி அன்றோடு ஒரு வருடம். காலையில் மாதா கோயிலில் ஆண்டுப் பூசை முடிந்துவிட்டது. "பகலுக்குப் பிறகு வாங்கோடா. முந்தி மாதிரி விளையாடுவம்," என்று போன் எடுத்திருந்தான். ஒரு வருடமாக அவன் எங்களை அந்தப் பக்கமே அண்ட விடவில்லை.

விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஷீலாவின் அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய பழைய வீடியோ கேம் பெட்டி. இரண்டு மைக்குகள்: சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. டிவியில் வரிகள் ஓட, நாம் கன்ட்ரி பாட்டுப் பாட வேண்டும். தொப்பி போட்ட அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் கிற்றாரோடு அழும் பாட்டுகள். ரயில், விஸ்கி, ஓடிப்போன நாய். சொற்களைப் பற்றிப் பெட்டிக்குக் கவலையே கிடையாது. சுருதி சரியென்றால் தேங்காய் விலையைப் பாடினாலும் மதிப்பெண் போடும். ஒவ்வொரு பாட்டிலும் ஆகக் கூடிய மதிப்பெண் எடுத்தவரின் குரலை மட்டும் அது பதிந்து வைத்திருக்கும். யாராவது அதை முந்தினால் புதுக்குரல் ஏறும், பழையது அழியும்.

ஷீலாவின் குரல் அந்தப் பெட்டியில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. அதனால் அந்தப் பாட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"போனில் பதிஞ்சு வையன் மச்சான்," என்று ஒருமுறை சொன்னேன்.

"பதிஞ்சனான். பால்மா டின்னுக்குள்ள இருந்து வேற ஆரோ கத்திற மாதிரிக் கிடக்கு," என்றான் அன்டன்.

இரண்டேகால். கோட்டையில் இறங்கி முதல் வேலையாக என் அவசரத்தை முடித்துக்கொண்டேன். அங்கிருந்து கொட்டாஞ்சேனை மூன்று கிலோமீற்றர் வரும். ஓட்டோவுக்கு நானூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் மாளிகாவத்தைக்காரர். செட்டியார் தெரு நகைக்கடைகளெல்லாம் இரும்புக் கதவு இறக்கிக் கிடந்தன. ஜம்பட்டா வீதியில் திரும்பி நாங்கள் கட்டடத்தின் பெயரைச் சொன்னதும் அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"அந்த ப்ளெட்டா சேர்? மேல ஒரு நோனா இங்கிலீஸ் பாட்டுப் படிப்பாங்களே. நல்ல கொரல்."

"அவ மோசம் போய் ஒரு வருசம்," என்றேன்.

"ஒரு வருசமா?" ஓட்டோ ஒரு கணம் தயங்கி மறுபடி ஓடியது. "போன ஞாயித்துக்கெழமையும் படிச்சாங்களே சேர். நான் கீழ டீ குடிச்சிட்டு நின்டேன்."

"புருசன் ரெக்கோடிங்கைப் போட்டுக் கேக்கிறவர்," என்று நிரஞ்சன் விளக்கினான். அவர் தலையை ஆட்டினார். ஆனால் இறக்கிவிட்டுக் காசு வாங்கும்போது மேலே பார்க்கவேயில்லை.

நாலாம் மாடி; லிஃப்ட் இல்லை. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அன்டன் கதவைத் திறந்தான். மெலிந்திருந்தான்.

"வாடா சிவா. தொண்டையைக் கொண்டந்தியா?"

"கொண்டந்தனான். பக்கத்து வீட்டுக்காரரைக் காலி பண்ணச் சொல்லு."

லவ் கேக்கும் பால் விடாத பிளேன்டியும் வைத்தான். டிவிக்கு எதிரில் மூன்று நாற்காலிகள். அன்டனுக்குப் பக்கத்தில், குஷன் போட்ட நாலாவது நாற்காலியில், நீல மைக் படுத்திருந்தது. ஷீலாவின் மைக். அதன் வயர் பெட்டியில் செருகியிருந்தது.

"ரெண்டு மைக்கும் இருந்தால்தான் டூர் தொடங்கும்," என்று அன்டன் நாங்கள் கேட்காமலேயே சொன்னான். "அது சும்மா கிடக்கட்டும்."

மூன்று மணிக்கு அமெரிக்கப் பயணம் ஆரம்பமானது. பெட்டியே ஒரு பேருந்தில் ஊர் ஊராகக் கொண்டுபோகும். எந்த ஊரில் என்ன பாட்டு என்பதும் அதன் இஷ்டம். முதல் ஊர் டெக்சாஸில் ஒரு தூசிக் கிராமம். திரையில் நான் மஞ்சள் முடியும் குஞ்சம் வைத்த ஜக்கெற்றுமாக, என்னை விட முப்பது கிலோ குறைவாக வந்து நின்றேன். விஸ்கி குடித்துக் குடும்பத்தைத் தொலைத்தவனின் பாட்டு. விஸ்கியை மணந்தாலே தும்முகிற நான், உருகி உருகிப் பாடினேன். கார்ட்டூன் சனம் தொப்பியைக் கழற்றி எறிந்தது. மரியாதைக்கு அல்ல.

"அவங்கட ஊரில பொலிஸ் இல்லையோ?" என்றான் நிரஞ்சன். சிவப்பு மைக்கைப் பறித்து, அடுத்த ஊரில் நாயைப் பற்றிப் பாடி மானத்தைக் காப்பாற்றினான். அன்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடம். அதற்காக இன்னும் நாலு ஊரில் அடி வாங்கலாம் என்று தோன்றியது. எங்கள் பெயர்களுக்குக் கீழே, ஒவ்வொரு ஊரிலும், நீல மைக்குக்குரிய ஷீலா என்ற பெயரும் அதற்குப் பக்கத்தில் ஒரு பூச்சியமும் வந்துகொண்டிருந்தன. நாங்கள் மூவரும் அதைப் பார்க்காத மாதிரிப் பார்த்தோம்.

நாலரை மணி இருக்கும். கடைசி ஊர். பேருந்து ஒரு ரயில் பாதை ஓரம் நின்றது. பலகையால் கட்டிய சின்ன மண்டபம். உள்ளே சனம் உட்காரும் வாங்குகள் எல்லாம் வெறுமை. இதற்கு முன் எந்த ஊரிலும் சனமில்லாமல் இருந்ததில்லை. சிவப்பு மைக் என் கையில் இருந்தது. பாட்டின் பெயர் திரையில் வந்தது.

அந்தப் பாட்டு.

"நிப்பாட்டு," என்றான் நிரஞ்சன்.

"நிப்பாட்டிற பட்டன் எப்பவோ தேய்ஞ்சு போச்சு," என்றான் அன்டன். "பாட்டு ஓடேக்குள்ள கரண்டைப் பிடுங்கினால் உள்ளுக்குள்ள இருக்கிற எல்லாம் அழியும் எண்டு திருத்திற பெடியன் சொன்னவன். பரவாயில்லை. நீதானே பாடப்போறாய். நீ அவளை முந்த மாட்டாய்."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரலை நம்பி ஒருவர் ஒரு பொருளை ஒப்படைத்தார். இருந்தாலும் பயத்தில் நான் வாயையே திறக்கவில்லை. வாசல் விளக்கை அணைக்காமல் யாருக்கோ காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு அது. வரிகள் தாமாக ஓடின. எனக்குப் பூச்சியம். நல்லது.

நிரஞ்சன் என் முழங்கையைப் பிடித்தான்.

ஷீலாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பூச்சியம் மறைந்துவிட்டது. அங்கே எண் ஏறிக்கொண்டிருந்தது. நீல மைக் குஷனில் கிடந்தபடி கிடந்தது. யாரும் தொடவில்லை. யன்னல் சாத்தியிருந்தது. மண்டபத்தின் முன் வாங்கில் ஒரு கார்ட்டூன் உருவம் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் கூட, வெறுமையாய் இருந்த வாங்குகள் சத்தமில்லாமல் நிரம்பின. எல்லா முகங்களும் எங்களை நோக்கியிருந்தன. என் பிடரி முடி, இருந்தவரைக்கும், நிமிர்ந்து நின்றது.

"கதைக்காதேங்கோ," என்றான் அன்டன் மெல்ல. "அவள் பாடுறாள். பாடட்டும்."

அவன் கன்னம் நனைந்திருந்தது. திரையின் மூலையில் ஷீலாவின் பழைய மதிப்பெண் ஒரு கோடாக இருந்தது. புது எண் அந்தக் கோட்டை நெருங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது யாராக இருந்தாலும், கோட்டைத் தாண்டினால் பெட்டி இதைப் பதியும். ஷீலா அழிந்துபோவாள்.

அன்டனைப் பார்த்தேன். உதடு இறுக மூடியிருந்தது. ஆனால் தொண்டை அசைந்தது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. நீல மைக்கிலிருந்து ஒரு முழம் தூரத்தில், வாய் மூடியபடி, தனக்கே தெரியாமல், மனிதன் ராகம் இழுக்கிறான் என்று நினைத்தேன். சொல்லி விளக்க நேரமில்லை. கடைசிச் சரணம் தொடங்கிவிட்டது.

பாய்ந்து நீல மைக்கைத் தூக்கி, கடவுள் எனக்குத் தந்த குரலில் கத்தினேன். வரி தெரியாத இடத்தில் "ஓய் ஓய்" என்றேன். எண் நின்றது. கோட்டுக்கு ஒரு நூல் கீழே பாட்டு முடிந்தது. சனம் எழுந்து, தொப்பிகூட எறியாமல், வெளியே போனது.

அன்டன் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"ஒரு வருசத்துக்குப் பிறகு வந்தவள். கலைச்சிட்டாயேடா! உனக்கு எல்லாம் பகிடிதானே!"

"மச்சான், முதலில அவள் உள்ளுக்குள்ள இருக்கிறாளோ எண்டு பார்," என்றேன். பிடி தளர்ந்தது. அவனே பதிவைத் தேடிப் போட்டான்.

ஷீலா பாடினாள். தெளிவாக, கொஞ்சம் சிரிப்போடு, முதல் வரியில் வழக்கம்போல அரை நொடி பிந்தி. அன்டன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் மூச்சு வந்தது.

இரண்டாம் சரணத்தில், அவள் குரலுக்கு அடியில், வேறொரு குரல் கேட்டது. சொல் இல்லை. வாய் மூடிய ராகம்.

"இந்தா, கேள்!" எனக்கு ஒரே குஷி. "இதைத்தான் சொல்ல வந்தனான். இப்பவும் நீதான் இப்பிடி ஹம் பண்ணினனீ. பயந்திட்டம். அப்பவும் நீ பக்கத்தில இருந்து பண்ணியிருக்கிறாய்."

அன்டன் பெட்டிக்குக் கிட்டக் குனிந்தான். பாட்டு முடியும் வரை கேட்டான்.

"இந்த ராகத்தை இண்டைக்குத்தான் கேக்கிறன்," என்றான் பிறகு. "அவள் இதைப் பாடின நேரம் நான் கட்டாரில. வேலைக்குப் போய் மூண்டாம் மாசம். வீட்டில தனியத்தான் இருந்தவள்."

நிரஞ்சன் கேக் தட்டைப் பார்த்தான். நான் என் தொடையைப் பார்த்தேன். கோயில் மணி ஐந்தோ என்னவோ அடித்தது. என்னுடைய பகிடிப் பையில் அன்று முதல் முறையாக ஒன்றுமில்லை.

"திரும்பவும் போடட்டோ?" என்று அன்டன் கேட்டான். பயந்தவனின் முகம் இல்லை அது. கொஞ்சம் பொறாமைகூட இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"நாங்கள் போனாப் பிறகு போடு மச்சான்," என்றேன்.

"சரி. சிவா..." கதவடியில் என் கசங்கிய சட்டையை நீவிவிட்டான். "தாங்ஸ்டா. கேவலமாப் பாடினதுக்கு."

இரண்டாம் மாடிக்கு இறங்கும்போது மேலே பாட்டுத் தொடங்கியது. ஷீலாவின் குரல். அதோடு அன்டனின் குரல். இந்த முறை வாய் திறந்து, தைரியமாக. நிரஞ்சன் படியில் நின்றுவிட்டான்.

"டேய், மேல எத்தினை பேர் பாடுறாங்கள்?"

"எனக்குக் கணக்கு வராது," என்று சொல்லி, செருப்பு வழுக்க வழுக்க இறங்கினேன்.

ஆறரை ரயிலில் கடல் இருண்டுகொண்டு வந்தது. அமெரிக்கா பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஊர் நல்ல ஊர், சனம் வெளிப்படையான சனம், பிடிக்காவிட்டால் தொப்பியால் எறியும். கடைசி ஊரில் மட்டும் அதிக நேரம் நிற்க வேண்டாம். எங்கள் வெள்ளவத்தையில் அந்தத் தொல்லை இல்லை. என் வீட்டுக் குளியலறையில் முப்பது வருடமாகப் பாடுகிறேன். இதுவரை யாரும் கூடச் சேர்ந்து பாடியதில்லை. என் குரலால் எனக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு அதுதான்.