மாட்டிக்கொண்ட மவுத்பீஸ்

காலை ஏழு இருபதுக்கு என் மகள் சமையலறை வாசலில் வந்து நின்று ட்ரம்பெட்டை என் முன் நீட்டினாள். "அம்மா, மவுத்பீஸ் கழண்டு வர மாட்டேங்குது" என்றாள். அன்றைக்குப் பதினோரு மணிக்கு விழுப்புரத்தில் அவளுக்குத் தேர்வு. நான் அடுப்பை அணைத்தேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்த அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை.

மவுத்பீஸ் என்பது உதடு வைத்து ஊதுகிற சின்னக் கிண்ணம். வாசிக்கும்போது குழாயில் சொருகுவார்கள், முடித்ததும் உருவிப் பையில் போட்டுக்கொள்வார்கள். மெதுவாகச் சொருகி லேசாகத் திருகினால் போதும் என்று எனக்கே தெரியும். ஆனால் திண்டிவனத்தில் எங்கள் சர்ச் சபை பேண்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சொருகிய பிறகு உள்ளங்கையால் அதன் வாயில் ஒரு தட்டு தட்டுவார்கள். குழாய்க்குள் 'பொக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் வாசிக்கத் தயார் என்று அர்த்தமாம். இவளும் அதைப் பார்த்துப் பழகியவள். அன்று காலை பதற்றத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டாள்.

மாட்டியது அவளுடைய மவுத்பீஸாக இருந்தால் பரவாயில்லை, அப்படியே வாசித்துவிட்டு வரலாம். அது அவளுடையது இல்லை. முந்தின நாள் சாயங்காலப் பயிற்சியில் பேண்டின் மூத்த ட்ரம்பெட்காரர் கொடுத்தது. அவருக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை. கையில் பேனா இல்லாமல்கூட வருவார், யோசனை இல்லாமல் வர மாட்டார். "இது கிண்ணம் ஆழம் கம்மி பாப்பா. மேல் நோட்டு தானா வந்து நிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். தேர்வுக்கு முந்தின நாள் யாராவது மவுத்பீஸ் மாற்றுவார்களா? கணக்கு டீச்சரான எனக்குத் தெரிவது அவருக்குத் தெரியவில்லை.

அந்தத் தேர்வு என்னவென்று சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பேண்ட் இருக்கிறது. அதில் வாசிக்கத் தகுதி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் இடங்கள் ஒதுக்குகிறார்கள். இவளுக்கு இயற்பியல்தான் படிக்க வேண்டும். மதிப்பெண் வழியாக அது கிடைக்கவில்லை. இது ஒன்றுதான் மிச்சம் இருந்த வழி. ஒரு கீர்த்தனை வாசிக்க வேண்டும், அதில் கடைசி அடியில் மேலே ஒரு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டுக்காக அவள் மவுத்பீஸை உதட்டில் அழுத்தி அழுத்தி ஊதி, பிப்ரவரியில் மேல் உதடு வீங்கி உள்ளே கிழிந்து, டாக்டர் பார்த்து ஆறு வாரம் தொடக்கூடாது என்று சொன்னார். பொதுத்தேர்வுக்கு ரத்தம் கட்டிய உதட்டோடு போனாள். அழுத்தாதே, காற்றை மட்டும் விடு என்று பேண்டில் எல்லோரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவளும் தலையாட்டுவாள். நோட்டு மேலே போகப் போக இடது கை தானாக ட்ரம்பெட்டை முகத்தோடு இழுத்துக்கொள்ளும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இவள் பேண்டின் வாட்ஸ்அப் குழுவில் 'மாட்டிக்கிச்சி' என்று ஒரு வார்த்தை போட்டாள். கேஸ் சிலிண்டருக்கு நான் நான்கு தடவை போன் செய்ய வேண்டும். இதற்கு அரைமணிக்குள் மூன்று பேர் வீட்டில். ஏஜென்ட், யூஃபோனியம் வாசிக்கும் மருந்துக்கடைக்காரர், பேண்டிலேயே பெரிய குழலான டியூபாவில் பேஸ், அதாவது அடிச்சுருதி, வாசிக்கும் பி.டி. மாஸ்டர்.

"சுடுதண்ணி ஊத்துங்க டீச்சர். வெளிக்குழா விரியும், தானா வந்துரும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"யோவ், சுடுதண்ணில ரெண்டும்தான்யா விரியும். ஐஸு வைக்கணும். உள்ள இருக்கறது சுருங்கும்" என்றார் பி.டி. மாஸ்டர்.

"வெளிய இருக்கறது சுருங்காதுங்களா?" என்று கேட்டேன்.

"அது லேட்டா சுருங்கும் டீச்சர்."

சுடுதண்ணீர் ஊற்றினோம். ஐஸ் வைத்தோம். தேங்காய் எண்ணெய் விட்டோம். சப்பாத்திக் கட்டையால் மருந்துக்கடைக்காரர் குழாயைச் சுற்றித் தட்டிக்கொண்டே வர, பி.டி. மாஸ்டர் காதை வைத்துக் கேட்டு, "இளகுது, இளகுது" என்றார். ஒன்றும் இளகவில்லை. ஏஜென்ட் மட்டும் ஓரமாக நின்றுகொண்டு, "நல்ல மவுத்பீஸுங்க அது, மெட்ராஸ்ல வாங்கனது" என்றார்.

"நல்லாத்தாங்க இருக்கு. வெளிய வரணும்" என்றேன்.

நான் ஐஸ் தட்டை எடுத்துப்போக உள்ளே திரும்பினேன். அந்த நேரத்தில் ஏஜென்ட் தன் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, கர்ச்சீப் சுற்றி, ஒரு திருகு திருகினார். 'டொக்' என்று கேட்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சின்னச் சத்தம் என்னை அப்படி உலுக்கியதில்லை. இதை எழுதும்போதும் தோள் தூக்கிப்போடுகிறது.

மவுத்பீஸ் வரவில்லை. அது சொருகியிருக்கும் குழாயைப் பக்கத்துக் குழாயோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சின்னப் பித்தளைத் தாங்கி, பற்றவைத்த இடத்திலிருந்து விட்டுவிட்டது. இப்போது முன்குழாய் லேசாக ஆடியது.

"அது வெறும் சப்போர்ட்டுதான். காத்து லீக் ஆவாது" என்றார் ஏஜென்ட்.

"லீக் ஆவறது எல்லாம் உன் வாயிலதான்யா" என்றார் பி.டி. மாஸ்டர்.

மகள் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பேஜாரா இருக்குதும்மா. நான் போவல" என்றாள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? மூன்று பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். மருந்துக்கடையில் ஷட்டர் பாதிதான் இறக்கியிருக்கிறதாம். உதவி செய்ய வந்தவர்களிடம் கோபப்பட முடியாமல் நிற்பது போன்ற எரிச்சல் வேறெதிலும் கிடையாது.

ஏஜென்ட் தன் ட்ரம்பெட்டையே கொடுத்தார். அவள் வாங்கி ஊதிப் பார்த்தாள். அதில் இரண்டாவது வால்வை அழுத்தினால் திரும்பி மேலே வருவதற்குள் பாட்டு அடுத்த அடிக்குப் போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் விட்டு விட்டு அப்படி ஆகியிருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கிளம்புங்க. போற வழியில பாத்துக்கலாம்" என்றேன். வழியில் என்ன பார்க்கப்போகிறோம் என்று எனக்கும் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரரின் காரில் போனோம். முன் இருக்கையில் டியூபா, சீட் பெல்ட் போட்டு. அது எதற்கு என்று கேட்டதற்கு, "துணைக்கு பேஸ் கேட்டாங்கன்னா?" என்றார் பி.டி. மாஸ்டர். அவரும் நானும் மகளும் ஏஜென்ட்டும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தோம். பி.டி. மாஸ்டர் உட்கார்ந்தாலே இரண்டு பேர் இடம்.

விக்கிரவாண்டி தாண்டும்போதுதான் பி.டி. மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மவுத்பீஸ் கழட்ட ஒரு கருவி உண்டு. இரண்டு திருகாணி வைத்த இடுக்கி, புல்லர் என்பார்கள். விழுப்புரம் சபை பேண்டில் ட்ராம்போன் வாசிப்பவரிடம் அது இருக்கிறது.

"இத ஏன் காலையிலேயே சொல்லல?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் வெளியே பார்த்தார்கள். இரண்டு பேண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சர்ச் அறுவடை விழாவான அறுப்பின் பண்டிகை ஊர்வலத்தில் சேர்ந்து வாசித்தபோது எங்கள் ஆட்கள் நடை வேகத்துக்கு வாசிக்க, அவர்கள் நிதானமாக வாசிக்க, தெருமுனையில் எங்கள் பாட்டு முடிந்தபோது அவர்களுக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி. அதற்கு யார் காரணம் என்று இதுவரை முடிவாகவில்லை. அதற்காக என் மகளின் படிப்பு காரில் ஆடிக்கொண்டு போகிறது.

"போடுங்க போன" என்றேன். என் குரல் வகுப்பில் கேட்கிற குரலாக இருந்திருக்க வேண்டும், உடனே போட்டார், ஸ்பீக்கரில்.

"பிரதர், நான்தான். டியூபா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வார்த்தை வந்தது. "சொல்லுங்க."

இவர் விஷயத்தைச் சொன்னார்.

"மவுத்பீஸு யாருது? ஏஜென்ட்டுதா?"

"ஆமாங்க."

"அதானே பாத்தேன். புல்லர் எங்கிட்ட இல்லீங்க, கண்டாச்சிபுரத்துல எங்காளு ஒருத்தர்கிட்ட கீது. போய் எடுத்தாறேன். பாப்பாவுக்கு எத்தினி மணிக்கு?"

பதினொன்று என்றதும் போனை வைத்துவிட்டார். கண்டாச்சிபுரம் போய்த் திரும்ப இருக்கிற நேரம் போதாது என்று காரில் எல்லோருக்கும் தெரிந்தது.

கல்லூரி வராந்தாவில் மருந்துக்கடைக்காரர் தாங்கி விட்ட இடத்தில் பிளாஸ்திரி சுற்றினார். காலில் கட்டுப் போட்ட கோழி மாதிரி இருந்தது. மகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரிசையில் இரண்டு பெண்கள் வரவில்லை, அதனால் இவளைச் சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார்கள். புல்லர் அப்போது எந்த ஊரில் இருந்ததோ.

நாங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்றோம். முதல் அடி மெலிந்து நடுங்கி வந்தது. இரண்டாவது அடியில் ஒரு நோட்டு கொஞ்சம் உடைந்தது. பி.டி. மாஸ்டர் தொடையில் விரலால் வால்வு அழுத்திக்கொண்டிருந்தார். ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை இறுக்கினார், அவர் வாசித்தால் வந்துவிடும் என்பது போல. கடைசி அடி வந்தபோது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்த உதடுதான் கண்ணில் நின்றது. இப்போது கிழியும், இப்போது கிழியும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மேல் நோட்டு வந்தது. பெரிதாக இல்லை. நூல் மாதிரி மெல்லியதாக வந்து, நகராமல் நின்று, முடிந்தது.

வெளியே வந்தவளின் வாயைத்தான் முதலில் பார்த்தேன். வட்டமாக விழும் சிவந்த தடம் இல்லை.

"அழுத்துனா குழா ஆடுதும்மா. சத்தம் வேற கிர்ருங்குது. அழுத்தவே முடியல. காத்த மட்டும் விட்டேன்" என்றாள்.

ஆறு மாதம் மூன்று பேரும் தொண்டை கட்டச் சொல்லியும் நடக்காதது இது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்த முன்னாடியே ஒடச்சிருக்கலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான்தானே ஒடச்சேன்" என்றார் ஏஜென்ட். நான் திரும்பிப் பார்த்ததும் காரைப் பார்த்துவிட்டு வருவதாகப் போய்விட்டார்.

கல்லூரி பேண்டைப் பார்த்துக்கொள்ளும் மேடம் வெளியே வந்து என்னிடம், "சேர்த்துக்கறோம். இயற்பியல்லயே போட்டுடறேன். நடுவுல ஒரு எடத்துல உடைஞ்சது, அது பயிற்சியில சரியாகும். ஆனா இந்த ட்ரம்பெட்டோட வகுப்புக்கு வரக்கூடாது" என்றார். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சல் போக இடமில்லாமல் காலுக்கு இறங்கியது போல இருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது ட்ராம்போன்காரர் பைக்கில் வந்து சேர்ந்தார். சட்டை முழுக்கப் புழுதி. தோளில் சாப்பாட்டுப் பை, அதற்குள் புல்லர். தேர்வு முடிந்துவிட்டது, இடமும் கிடைத்துவிட்டது என்று சொன்னோம். "நல்லது" என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார். ட்ரம்பெட்டை வாங்கி, பிளாஸ்திரியை ஒரு நிமிடம் பார்த்தார். இடுக்கியை மாட்டி இரண்டு பக்கத் திருகாணியையும் மாற்றி மாற்றித் திருப்பினார். மவுத்பீஸ் சத்தமே இல்லாமல் கையில் வந்தது. அதை ஏஜென்ட்டிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

பிறகு காரின் முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த டியூபாவைப் பார்த்தார். பி.டி. மாஸ்டரைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்:

"எங்காளு ஒருத்தர் ஏசி மெக்கானிக்குங்க டீச்சர், இந்த ட்ரம்பெட்ட பத்தவச்சிக் குடுத்துருவாரு. ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் எடுத்துக்கினு வந்துருங்க. வரும்போது இவங்களயும் இட்டாந்துருங்க. நாங்க இவ்ளோ நாளா பேஸ் இல்லாமதான் வாசிச்சிக்கினு இருக்கோம்."