ஐந்தாவது பொட்டு

ஆந்திர எல்லையோரம் ராமகுப்பத்துப் பக்கம் துலுக்காணம் என்றால் நாலு பேருக்குத் தெரியும். துலுக்காணத்தின் ஜீப் என்றால் நாற்பது பேருக்குத் தெரியும். இதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அப்பன் காலத்தில் காலூன்றச் சொந்த மண் இல்லாத குடும்பம். இன்றைக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம் இருக்கிறதென்றால், அது ஜீப் ஓடிச் சம்பாதித்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மழைக்காலத்தில் மற்ற வண்டிகளெல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிட, பட்டுக்கூடு மூட்டைகளோடு மேடேறி வருவது அது ஒன்றுதான். அதற்கு வயது இருபத்து மூன்று, அவருக்கு ஐம்பத்தெட்டு.

ஆறு மாதமாக அந்த ஜீப் காலையில் முனகியது. ஸ்டார்ட் செய்து ஸ்டீரிங்கைத் திருப்பினால், பல்வலிக்காரன் பேச முயல்வதைப்போல முன்பக்கத்திலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். பவர் ஸ்டீரிங்கிலிருந்துதான் வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சங்கடம் என்னவென்றால், வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

துலுக்காணம் நிதானமான ஆள். சத்தம் கேட்டதும் ஊரைக் கூட்ட மாட்டார். இஞ்சினை நிறுத்தி, பானட்டைத் தூக்கி, ஸ்டீரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். மூடிவிட்டு, அதன் பிறகுதான் யாரையாவது கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் வந்து நின்றால் ஜீப் பரம சாதுவாக ஓடும். மறுநாள் காலையில் மறுபடி முனகும்.

குப்பத்து மெக்கானிக் பெல்ட்டை மாற்றினார். பலமநேர்க்காரர் ஆயிலை மாற்றினார். சித்தூரில் ஒருவர், டப்பாவையும் மூடியையும் அப்படியே விட்டுவிட்டு, பம்பையே புதிதாகப் போட்டார். அதற்கும் அடங்கவில்லை என்று துலுக்காணம் திரும்பப் போனபோது அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"வண்டில சத்தம் இல்ல அண்ணா. வயசாச்சுன்னா காதுக்குள்ள இப்டி கேக்கும். எங்க நைனாவுக்குக்கூட கேக்குது."

இந்தச் செய்தி ரேணிகுண்டா ஃபேக்டரியில் வேலை செய்யும் மகன் கோபிகிருஷ்ணனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் அப்பாவைத் திருப்பதிக்கு அழைத்துப்போய் ஒரு காது டாக்டரிடம் காட்டினான். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் வரும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காது சுத்தம். இடது காது கொஞ்சம் மந்தம். ஓட்டுபவரின் இடது காது பக்கத்து சீட்டைப் பார்த்த காது. இருபத்து மூன்று வருஷம் ஊர் ஜனத்தின் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தது மந்தமாகாமல் என்ன செய்யும்?

மகன் அப்படிப் பார்க்கவில்லை. "இல்லாத சத்தம் கேக்குது, கீற சத்தம் கேக்கல. இனிமே உனக்கு ஸ்டீரிங் வோணாம் நைனா" என்றான். ரேணிகுண்டாவில் பழைய ஜீப்புகளை வாங்கி ரிப்பேர் பார்த்து விற்கிற தெலுங்குக்காரர் பவன்குமாரிடம் பேசியும் முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கொண்டுவந்து விட வேண்டும்.

துலுக்காணம் சரி என்றார். வண்டியை விற்பதைக்கூட ஒருவிதமாய் விழுங்கியிருப்பார். இல்லாத சத்தத்தைக் கேட்டவர் என்ற பெயரோடு இறங்க வேண்டுமே என்பதுதான் தொண்டையில் நின்றது. ஸ்டீரிங் இல்லாத கைகளை வைத்துக்கொண்டு பகல் முழுக்க என்ன செய்வதென்றும் அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வியாழக்கிழமையே ரேணிகுண்டா போய் மகன் வீட்டில் படுத்தார். விடிந்ததும் குளித்துவிட்டு மஞ்சள், குங்குமக் கிண்ணத்தோடு ஜீப்பிடம் வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஜீப்புக்கு ஐந்து பொட்டு. ஸ்டீரிங், ரேடியேட்டர், பேட்டரி, இஞ்சின், இந்த நாலும் எல்லாரும் வைப்பது. ஐந்தாவது அவரே சேர்த்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் மொகிலி கணவாயில் லோடோடு இறங்கும்போது ஸ்டீரிங் ஆயில் பைப் வெடித்து, ஸ்டீரிங் கல்லாக இறுகிவிட்டது. தோள் கழன்றுவிடும்போல இழுத்து வண்டியைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்குப் பயந்த பயம் இன்றைக்கும் போகவில்லை. அந்த வாரத்திலிருந்து ஸ்டீரிங் ஆயில் மூடிக்கும் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். பழைய பொட்டைத் துடைக்கக் கூடாது, அதன் மேலேயே வைக்க வேண்டும் என்பதும் அவரே போட்ட சட்டம்.

கடைசிப் பொட்டு என்பதால் அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். பிறகு ஸ்டார்ட் செய்தார். முனகியது. வழக்கம்போல மூடியைத் திறக்கக் கை போனது. ஈரப் பொட்டைக் கலைக்க மனம் வரவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். மகன் பைக்கில் முன்னால் போனான்.

பவன்குமார் ஷெட் வாசலில் நின்று பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் தட்டு, வலது கை முழுக்கப் பொங்கல். வேறு நேரமாக இருந்தால் அவரும் முதலில் பானட்டைத் தூக்கி மூடியைத்தான் திறந்திருப்பார். இப்போது வாயால்தான் வேலை பார்க்க முடிந்தது.

"ஆஃப் பண்ணாத அன்னா. ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் திப்பு."

துலுக்காணம் திருப்பினார். 'ம்ம்ம்' என்றது ஜீப். இடது பக்கம் ஒரு முனகல், வலது பக்கம் ஒரு முனகல். செல்லைப் பார்த்துக்கொண்டிருந்த கோபிகிருஷ்ணன் தலையைத் தூக்கினான்.

"கேக்குதா?" என்றார் துலுக்காணம்.

"கேக்குது நைனா."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. டீசல் புகை என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை அந்தப் பக்கமே வரவில்லை.

பவன்குமார் கை கழுவிவிட்டு வந்து பானட்டைத் தூக்கினார். மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. முனகல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி நின்றுவிட்டது. அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் மேலே சுரண்டினார். மஞ்சள் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது.

"காத்து போயி வர்ற ஓட்டை அன்னா இது. ஓடறப்போ ஆயில் சூடாகி உள்ள இருக்கிற காத்த வெளிய தள்ளும். ராத்திரி ஆறினா காத்து திரும்பி உள்ள வரணும். மேல மேல ஏறின மஞ்ச, காத்து வெளிய போறப்போ தூக்கி வழி விடும், உள்ள வர்றப்போ ஒட்டி அடைச்சிக்கும். அப்பறம் எப்டி வரும்? காலைல பம்பு ஆயில இழுக்க முடியாம முனகுது. மூடியத் தெறந்தா காத்து உள்ள போயிடும், சத்தமும் போயிடும்." பெயர்ந்த மஞ்சள் வில்லையை நீட்டினார். "இதி எவரு பெட்டாரு? யாரு வச்சது?"

துலுக்காணம் வில்லையைப் பார்த்தார். பொண்டாட்டி செல்லியம்மா வைத்தது என்று சொல்லியிருக்கலாம்; அவள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஊரில் பட்டுப்புழுக்களுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள், மறுத்துப் பேச வர மாட்டாள். அந்த யோசனை வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

"நான்தான்" என்றார் துலுக்காணம். "எட்டு வருஷமா."

கோபிகிருஷ்ணன் மஞ்சள் வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப காது நல்லாத்தான் கீது."

"காது நல்லாத்தான் கீது. கைதான்."

பவன்குமாருக்கு இப்போது ஜீப்பின் மேல் ஆசை கூடிவிட்டது. புது பம்ப், புது பெல்ட், புது ஆயில், ஒரு குறையும் இல்லாத வண்டி. இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். அதற்கு முன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று துலுக்காணம் ஏறி உட்கார்ந்தார். மகன் பக்கத்து சீட்டில் ஏறினான்.

ரவுண்டு திருப்பதியைத் தாண்டி ஊருக்குப் போகிற ரோட்டில் ஏறியது. ஜீப் சத்தமில்லாமல் ஓடியது.

"நைனா, பவன் காத்துக்கினு கீறாரு. இன்னா சொல்ற, குடுத்துடலாமா?"

துலுக்காணம் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"நைனா, உன்னத்தான். வண்டிய குடுத்துடலாமா, வோணாமா?"

டாக்டர் மந்தம் என்று எழுதிக்கொடுத்த காது அந்தப் பக்கம்தான் இருந்தது. கோபிகிருஷ்ணன் கொஞ்ச நேரம் அந்தக் காதையே பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாக, "ரெண்டு மணிக்கு ஷிப்டு" என்றான்.

சந்திரகிரி பஸ் ஸ்டாப் வந்ததும் துலுக்காணம் வண்டியை ஓரம் கட்டினார்.

"எறங்கிக்கோ. ஷிப்டுக்கு நேரமாவுது பாரு" என்றார்.