மலையில்லாத ஊரில் மலைப்பாதை: நெய்வேலி மண்மேட்டில் ஓட்டாமல் திரும்பிய ஞாயிறு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு புத்தியுள்ள யாரும் சைக்கிள் பயணம் கிளம்ப மாட்டார்கள். நான் கிளம்பினேன். தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம், சனிக்கிழமைக்கு ஒரு நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. நெய்வேலியில் மண்மேட்டுப் பாதையில் ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டம் என்று நண்பர்கள் குழுவில் செய்தி வந்தது. நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். "நெய்வேலியில ஏதும்மா மலை?" என்று போஸ்ட் மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மலை இல்லை. மேடு இருக்கிறது. பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே உள்ள மண்ணையெல்லாம் வெட்டி ஒரு பக்கமாகக் கொட்டுகிறார்கள் அல்லவா, அப்படிக் கொட்டி முடித்துப் பல வருடம் ஆன பழைய மேடு ஒன்று. இப்போது அதன்மேல் தைலமரமும் முந்திரியும் மண்டிக் கிடக்கின்றன. சுரங்க வேலை நடக்கும் இடத்துக்கு வெளியே இருப்பதால், எழுத்து மூலம் அனுமதி வாங்கி, ஏழு கிலோமீட்டருக்கு ஒற்றையடிப் பாதை வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது ஒரு சின்னச் சங்கம். பதினோரு உறுப்பினர்கள், பதிவு செய்தது, லாப நோக்கம் கிடையாது. யாருக்கும் சம்பளம் இல்லை, ஓட்ட வருகிறவர்களுக்குக் கட்டணமும் இல்லை.

சனிக்கிழமை காலை 5.40க்குப் புதுச்சேரியிலிருந்து கிளம்பினேன். பேருந்தில் சைக்கிளை ஏற்ற நடத்துனரிடம் கெஞ்சுவதைவிட மிதிப்பதே மேல் என்று நினைத்தது முதல் தப்பு. மலை சைக்கிளின் தடித்த டயர் தார் ரோட்டில் அட்டையாக ஒட்டிக்கொள்கிறது. கடலூரில் 7.05. அங்கே இட்லி, வடை, காபி சேர்த்து 70 ரூபாய். குள்ளஞ்சாவடி சந்தை முனையில் 9.15க்கு டீ, 12 ரூபாய். வடலூர் வந்து சேர்ந்தபோது மணி 10.50, மீட்டரில் 59 கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் 800 ரூபாய்க்கு அறை. வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை. தொடை இரண்டும் தனித்தனியாக வலித்தன.

மூன்று மணிக்கு வடலூரிலிருந்து கிளம்பி நெய்வேலி நகரியத்துக்குள் நுழைந்தேன். அகலமான நிழல் சாலைகள், எண் போட்ட பிளாக்குகள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். வழி கேட்டால் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள், "இருபத்தொண்ணு தாண்டி இருபத்திரண்டு" என்பார்கள். நான் இரண்டு முறை ஒரே ரவுண்டானாவைச் சுற்றினேன். மேட்டின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர 3.55 ஆயிற்று. தகரக் கொட்டகை ஒன்று, அதில் மண்வெட்டிகள், கடப்பாரைகள், சுவரில் ஒரு நீளப் புத்தகம் கயிற்றில் தொங்கியது.

சங்கத்தின் செயலாளர் சாந்தி மேடம்தான் வரவேற்றார். சுரங்கத்தின் உதிரிபாகக் கிடங்கில் வேலை. அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த நகரியத்தில். ஐம்பது வயதிருக்கும். ஓயாமல் பேசுகிறார், ஆனால் பேசியபடியே வேலையும் நடக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர்தான் சொன்னார்.

சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் ஆட்கள் வேலைக்கு இறங்கும் முன், அதற்கென்று சான்றிதழ் வாங்கிய ஒருவர் இடத்தை நடந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் உள்ளே போகலாம். இந்த வழக்கத்தை அப்படியே சைக்கிள் பாதைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மழை பெய்தால் மறுநாள் ஒருவர் ஏழு கிலோமீட்டரும் நடந்து பார்த்து, 'ஓட்டலாம்' என்று எழுதாமல் ஒரு சக்கரமும் உருளக் கூடாது. நான் எத்தனையோ ஊரில் ஓட்டியிருக்கிறேன், இப்படி ஒரு ஒழுங்கை எங்கும் பார்த்ததில்லை.

சிக்கலும் அதிலேயே இருந்தது. வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் சான்றிதழையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர் சங்க உறுப்பினராகவும் சான்றிதழ் உள்ளவராகவும் இருக்க வேண்டும். உறுப்பினர் ஆக விண்ணப்பத்தில் ஊழியர் எண், குவார்ட்டர்ஸ் எண் இரண்டும் எழுத வேண்டும். அதாவது பர்மனென்ட் ஆள்தான் சேர முடியும். எழுதும்போது யாருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லையாம். "எல்லா ஃபாரத்துலயும் இருக்கிற கட்டம்தானேன்னு போட்டுட்டோம்" என்றார் சாந்தி மேடம்.

அந்தச் சான்றிதழ் உள்ள ஒரே உறுப்பினர் ராஜமாணிக்கம். நாமக்கல் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் மேற்பார்வையாளர். அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். இங்கே ஓய்வு என்றால் வேலை மட்டும் போவதில்லை, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும். அவர் போய்விட்டால் கையெழுத்துப் போட ஆளில்லை, பாதையை மூட வேண்டியதுதான். ஞாயிறு ஓட்டம் அவருக்கான வழியனுப்பு ஓட்டம் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. ஓட்டம் முடிந்ததும் கூட்டம் போட்டு விதியை மாற்றுவதா, பாதையை மூடுவதா என்று முடிவு செய்வதாக இருந்தார்கள்.

விதியை மாற்றினால் யார் வருவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேல்முருகன். பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும், சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. ஆறு வருடமாக மேட்டின் வடிகால்களை வெட்டுவது இவர்தான். உறுப்பினர் இல்லை. நான் போனபோதும் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்காலை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். நானும் ஒரு மண்வெட்டியை வாங்கி அரை மணி நேரம் வெட்டினேன். அவர் வெட்டியதையும் நான் வெட்டியதையும் பார்த்தவர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள்.

விதியை மாற்றக் கூடாது என்று சொன்னவர் ராஜமாணிக்கமே. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பெரிய மனிதத்தனம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். டீ குடிக்கும்போது வேல்முருகன் காதுபடவே காரணத்தைச் சொன்னார்.

"நாளைக்கு இந்த மேட்டுல யாராவது விழுந்து ஒண்ணு ஆச்சுன்னா, கையெழுத்துப் போட்டவனைத்தான் கேப்பாங்க. எனக்குன்னா ஒரு மெமோ வரும், பதில் எழுதிக் குடுத்துருவேன். இவருக்கு சுரங்கத்துக்குள்ள நுழையற கேட் பாஸே போயிரும். அப்புறம் சோத்துக்கு என்னங்க பண்ணுவாரு?"

வேல்முருகன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நைட் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் படிக்க முடியவில்லை. ராஜமாணிக்கம் சொன்னது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலை 4.55க்கு அறையை விட்டு இறங்கியபோது தூறல்கூட இல்லை. 5.55க்கு அடிவாரம். சென்னை, கடலூர், புதுச்சேரி என்று இருபத்து மூன்று சைக்கிள்கள் நின்றன. சாந்தி மேடம் ஒரு ரோஜா மாலையை வாழையிலையில் சுற்றிக் கொட்டகைக்குள் மறைத்து வைத்திருந்தார். ராஜமாணிக்கம் நாலரை மணிக்கே டார்ச் விளக்கோடு ஏறி முழுக்க நடந்துவிட்டு வந்து, 6.10க்குப் புத்தகத்தில் 'ஓட்டலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எல்லோரும் ஹெல்மெட் மாட்டினோம்.

6.35க்கு வேல்முருகன் வந்தார். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் ஈரம். வந்தவர் கொட்டகைக்கு வராமல் மேட்டின் அடியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து ராஜமாணிக்கத்தின் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"மூணாவது வளைவுக்குக் கீழ காவா காஞ்சி கெடக்குதுங்க. ராத்திரி இம்மாம் மழ பேஞ்சிருக்கு. மத்த காவா எல்லாம் ஓடிக்கினு இருக்குது. அந்தத் தண்ணி எங்க போச்சி?"

இருவரும் ஏறினார்கள். சும்மா நிற்க முடியாமல் நானும் பின்னாலேயே நடந்தேன். வளைவுக்கு மேலே வேல்முருகன் காலால் தைல இலைகளை ஒதுக்கினார். விரல் நுழையும் அகலத்தில் ஒரு விரிசல், எட்டு அடி நீளம் இருக்கும். ராஜமாணிக்கம் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தார். இது வெயிலில் வெடித்தது, சித்திரையிலேயே பார்த்திருக்கிறேன் என்றார். இருக்கலாம் என்றார் வேல்முருகன். அப்புறம், அப்படியானால் தண்ணீர் எங்கே என்று மறுபடியும் கேட்டார். மண்ணுக்குள்ளே போயிருந்தால் சரிவு எந்த நேரமும் இறங்கலாம், போகாமல் இருந்தால் ஒன்றுமில்லை. பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது.

கீழே இறங்கியதும் ராஜமாணிக்கம் தானே அடித்து எழுதிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புத்தகத்தைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து வேல்முருகனிடம் நீட்டினார்.

"நான் பாத்து எழுதுனேன். இப்பவும் என் கண்ணுக்கு அது பழைய வெடிப்புத்தான். சந்தேகம் உங்களுது, அப்ப எழுதறதும் நீங்கதான். நேத்து வேண்டாம்னவன் நான்தான், இல்லைங்கல. அடுத்த மாசம் நான் இருக்க மாட்டேன் வேலு."

வேல்முருகன் புத்தகத்தை வாங்கவில்லை. அவர் பார்வை கூட்டத்தின் பக்கம் போனது. அங்கே நீலச் சட்டையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். வேல்முருகன் வேலை பார்க்கும் பிரிவுக்கே அதிகாரி அவர் என்று சாந்தி மேடம் என் காதருகே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு ஓய்வு, அதிகாலையில் எழுந்து வந்திருக்கிறார். இப்போது எழுதினால் அவரைத் திருப்பி அனுப்புவது ஒரு காண்ட்ராக்ட் ஆள்.

வேல்முருகன் புத்தகத்தையும் பேனாவையும் வாங்கி நின்றபடியே எழுதினார். 'மூணாவது வளைவு. காவாயில் தண்ணி வரல. மேல விரிசல். ஓட்ட வேணாம்.' கீழே பெயர், ஊர், நேரம் 7.20. ராஜமாணிக்கம் அதைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு முன்னால் போய், இன்றைக்கு ஓட்டம் இல்லை, எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்றார்.

முணுமுணுப்பு எழுந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஆத்திரமாக வந்தது. 59 கிலோமீட்டர் மிதித்து, வெந்நீர் வராத அறையில் படுத்து, ஒரு வளைவுகூட ஓட்டாமல் திரும்புவதா? நீலச் சட்டை அதிகாரி வேல்முருகனிடம் வந்து எப்போது ஓட்டலாம் என்று கேட்டார். "தண்ணி வெளிய வரட்டும் சார்" என்றார் வேல்முருகன். அதிகாரி தலையாட்டிவிட்டு சைக்கிளைக் காரில் ஏற்றினார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மாலையை வீணாக்க வேண்டாம் என்று சாந்தி மேடம் கொட்டகையிலேயே ராஜமாணிக்கத்துக்குப் போட்டார். அவர் மாலையோடு உட்கார்ந்தே கூட்டத்தை நடத்தினார். பதினைந்து நிமிடம். ஊழியர் எண், குவார்ட்டர்ஸ் எண், சான்றிதழ் மூன்றையும் விதியிலிருந்து எடுத்தார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்தார். கையெழுத்துப் போட்டவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை, சங்கமே சொல்லும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னவர் ராஜமாணிக்கம். வேல்முருகன் ஓர் ஓரமாக உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார், பாவம், இரவெல்லாம் வேலை. புதுச்சேரிக்காரர் ஒருவர் காரின் பின்னால் என் சைக்கிளையும் கட்டிக்கொண்டு வந்ததால் மதியம் 12.40க்கு வீடு வந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தை முதல் பங்குனி வரை நல்ல காலம், வெயிலில் போகாதீர்கள். நகரியத்துக்குள் தங்க அறை கிடைப்பது கஷ்டம், வடலூரே வசதி. அங்கிருந்து மேட்டடிக்கு என் மீட்டரில் 14 கிலோமீட்டர், காலையில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர் கட்டாயம், மேலே எதுவும் கிடையாது. முதல் நாள் மாலையே போய் ஒரு மணி நேரம் மண் வெட்டுங்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள், ஆனால் சந்தோஷப்படுவார்கள். மழைக்கு மறுநாள் என்றால் கிளம்புமுன் சங்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ஓட்ட முடியாமல் திரும்ப மனசு இல்லாதவர்கள் இந்தப் பாதைக்குப் போக வேண்டாம்.

நானும் இதை எழுதுமுன் போன வாரம் சாந்தி மேடத்தை அழைத்தேன். ஏழு வாரம் ஆகிவிட்டது. ராஜமாணிக்கம் அந்தப் பாதையில் கடைசியாக ஒருமுறை ஓட்டாமலே நாமக்கல் போய்விட்டார். மூன்றாவது வளைவு இன்னும் மூடித்தான் இருக்கிறது, மற்ற பக்கம் நாலு கிலோமீட்டர் திறந்திருக்கிறது. இப்போது கையெழுத்துப் போடும் வேல்முருகனின் கேட் பாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அதற்கப்புறம் எத்தனை மழை பெய்தது, அந்தச் சரிவு விழவே இல்லையே என்று, அன்றைய ஆத்திரம் கொஞ்சம் மிச்சம் இருந்த குரலில்தான் கேட்டேன்.

"விழலன்னா நல்லதுதானுங்களே மேடம்" என்றார். "விழணும்னா எழுதனேன்?"