பாதி மூட்டைகள்

மராமத்து இலாகா உத்தியோகத்தை விட்டபின், கடைகளுக்கும் சரக்குக் கிட்டங்கிகளுக்கும் பிளான் வரைந்து, பழைய கட்டடங்களைப் பரிசோதித்துச் சொல்வதை நான் தொழிலாக வைத்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள் மார்த்தாண்டத்துப் பலசரக்குக் கடைக்கார அக்கா ஆளனுப்பினாள். கணவர் இறந்தபின் மாடிக்கட்டடத்தையும் கடையையும் தனியாகவே நடத்திவந்தவள்.

வாசல் நிலைக்கு மேலே சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு. "கொத்தனாரு ரெண்டு தடவ பூசியாச்சு. பின்னயும் வாயப் பொளக்குது" என்றாள்.

வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டினேன். "சுவர் அசைந்தால் இது உடையும். உடைந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள்."

அவளுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. சரக்கு நிறுக்கும்போதும் கண் மேலேதான் இருக்குமாம். ஒருநாள் மத்தியானம் ஆள் வந்தது: கண்ணாடி உடைந்துவிட்டது.

போனதும் கேட்டேன்: "இன்றைக்குப் புதிதாக என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல தம்பி. மாடிய ஒரு காண்டிராக்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். முன்ன ரெண்டு தடவ வந்தது போல இன்னைக்கும் அவருக்க மண்ணு மூட்டை கொஞ்சம் வந்தது. அதும் பாதி மூட்டையாக்கும்."

மாடிக்குப் போனேன். நடுவில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. எதுவும் பாதிக்கு மேல் நிரம்பவில்லை. ஒன்றைத் தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. வாயை அவிழ்த்தால், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணல், மினுமினுவென்று.

அக்கா அரிசி அளக்கும் படியால் ஒரு நாழி மணலைக் கீழே கொண்டுபோய்த் தராசுத் தட்டில் கொட்டினாள். எதிர்த்தட்டில் ஒரு நாழி அரிசி. தட்டு அசையவில்லை. இன்னொரு நாழி போட்டாள். மூன்றாவது நாழியில்தான் அரிசித் தட்டு மெல்லத் தாழ்ந்தது.

"எம்மாடி! இதயா என் தலைக்கு மேல வச்சிருந்தேன்?" என்று வாசலை விட்டு விலகி நின்றாள்.

மாடியைத் தாங்கிய பெரிய உத்தரத்தின் முனை நிலைக்கு மேலேதான் சுவரில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பாரமும் அந்த ஒரே இடத்தில் இறங்கியிருக்கிறது. அன்று மாலைக்குள் காண்டிராக்டர் மூட்டைகளைப் பின்கட்டுத் தரைக்கு மாற்றினார். உத்தரத்துக்குப் பனந்தடி முட்டுக்கொடுத்து, வெடித்த சுவரைப் பிரித்துக் கட்டி, பாரம் பரவி இறங்க முனைக்கு அடியில் அகலமான கருங்கல் ஒன்றை வைத்தோம். அதற்குப் பிறகு சுவர் அசையவில்லை.

எனக்குத்தான் அந்த மணல்மேல் ஆவல் தீரவில்லை. மணவாளக்குறிச்சிக்கே போய், இதைக் கப்பலேற்றி என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தேன். வெள்ளைச் சாயம் எடுப்பதாகச் சொன்னார்கள். வரும் வழியில் அக்காவிடம் சொன்னேன்.

"கறுப்பு மண்ணுல வெள்ளச் சாயமா? உங்கள நல்லா பறஞ்சு ஏமாத்தியிருக்கானுவ" என்று சிரித்தாள். சிரித்து முடித்து, "அது எப்பிடி தம்பி?" என்று கேட்டாள்.

அதைக் கேட்க மறுபடியும் மணவாளக்குறிச்சிக்குக் கிளம்பினேன்.