மூன்று கோழிக்குக் குறுணல்

இன்று ஏறாவூர் அரிசிக் கடையில் எனக்கு முன்னால் நின்ற, அக்கா வயதுள்ள ராத்தா ஒருவர் பத்துக் கிலோ குறுணல் கேட்டார். மலிவாகக் கிடைக்கும் உடைந்த அரிசி.

"கோழிக்கா ராத்தா?" என்றார் கடைக்காரர்.

"ஓம் நானா, மூணு கோழி. மூத்தது இந்த வருசம் ஓ.எல் பரீட்சை எழுதுது."

கடையே சிரித்தது. கூச்சப்பட்டது கடைக்காரர்தான்.

குறுணலை எப்படி வைப்பது, எப்படிச் சமைப்பது என்று நான் ராத்தாவிடம் மெல்ல விசாரித்தேன்.

"நல்லாப் புடைச்சு, காயவெச்சு, வேப்பிலையோட வாளியில மூடி வைங்க தங்கச்சி. வண்டு வராது. பயறு போட்டுத் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சினா சட்டியில மிஞ்சாது."

சிக்கனத்தை இவ்வளவு கம்பீரமாகச் செய்பவரை நான் கண்டதில்லை.

நானும் ஐந்து கிலோ கேட்டேன். இந்தமுறை கடைக்காரர் கோழியை விசாரிக்காமல் நிறுத்துத் தந்தார்.

உங்கள் வீட்டில் எத்தனை கோழி? என் வீட்டில் ஒரேயொரு சேவல்தான், இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கும். கூவாமல் குறுணலுக்கு ஒரு வாளியைக் கழுவி வைக்கவும்.